கூம்பிலிருந்து கணினிவரை: வீட்டுக்குள் வந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் கதை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "போன தடவை மாதிரி கழுகுமலைச் சிற்பம், வட்டெழுத்துன்னு ஏதாவது குடுங்க ஐயா" என்றார்கள். கொடுக்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் சென்ற பொங்கல் விழாவில், இலையில் உட்கார்ந்த இடத்திலேயே மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பொண்ணு பாட்டுக் கத்துக்குது. வீட்டிலேயே ரெக்கார்டிங் பண்ண என்ன மைக் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" எஸ்ரா தெருவில் நாற்பது வருஷமாக ஒயரும் சுவிட்சும் விற்கிறவன் என்பதால் என்னைக் கேட்டிருப்பார்கள். அதோடு நானும் இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பது சிலருக்குத் தெரியும். ஆகவே இம்முறை கல்வெட்டுக்கு விடுமுறை.

எந்தக் கருவியை வாங்குவது என்பதற்கு முன், அந்தக் கருவி ஏன் பிறந்தது என்று தெரிந்தால் பாதிப் பணம் மிச்சமாகும் என்பது என் அனுபவம். எனவே கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அந்த ஆரம்பம் நாம் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவிலேயே இருப்பது நமக்கு ஒரு பெருமைதான்.

எடிசன் 1877-ல் ஒலியைப் பிடித்துவைக்கும் கருவியைச் செய்தார். பத்து ஆண்டு கழித்து எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டைக் கொண்டுவந்தார். கிராமபோன் கம்பெனி அனுப்பிய ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் 1902-ஆம் ஆண்டு கடைசியில் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். ஹோட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டார். நவம்பர் மாதம் பதிவு தொடங்கியது. அப்படிப் பாடியவர்களில் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லித்தான் நிறுத்துவார். தட்டு அச்சாகப்போவது ஜெர்மனியில் உள்ள ஹனோவரில். அங்கே இருக்கிறவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமல்லவா? இன்று நாம் கணினிக் கோப்புக்குப் பெயர் வைக்கிறோமே, அதற்கு முன்னோடி அந்த அம்மாள்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அன்று மைக் கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்புக்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். குரலின் விசையே கூம்பின் அடியில் இருக்கும் மெல்லிய தகட்டை அசைத்து, ஊசியை அசைத்து, மெழுகில் கோடு இழுக்கும். உச்சஸ்தாயி வரும்போது பக்கத்தில் நிற்கும் ஆள் பாடகியைப் பின்னால் இழுப்பார். கீழே இறங்கும்போது முன்னால் தள்ளுவார். பத்தங்குலத் தட்டில் இடம் மூன்று நிமிஷம்தான். ஒரு மணி நேரம் விரித்துப் பாடும் ராகத்தை மூன்று நிமிஷத்தில் மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்தப் பாட்டு, யார் பாடுவது, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் முடிவு செய்தது கருவியும் கம்பெனியும்தான். பாடுகிறவருக்கு அதில் பங்கே இல்லை. 1908-ல் இங்கே சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்தது. 1920களின் கடைசியில் அது டம்டம்முக்கு மாறியது. நம்மூரில் பாட்டியார் வீட்டுப் பெட்டியில் கிடந்த நாய்ப்பட இசைத்தட்டுகளில் பல, டம்டம்மில் பிறந்து ரயிலேறி வந்தவை.

மின்சார ஒலிப்பதிவு 1925-ல் வந்ததும் கூம்பு ஓய்வு பெற்றது. கன்டென்சர் மைக் என்று இன்று கடையில் விற்கிறார்களே, அதன் மூலம் இன்னும் பழையது. அமெரிக்காவில் வென்ட் என்ற விஞ்ஞானி 1916-ல் கண்டுபிடித்தது. இரண்டு தகடுகள் எதிரெதிரே. ஒன்று ஒலியில் அதிரும், இடைவெளி மாறும், மின்னழுத்தம் மாறும். மிக நுணுக்கமானது. ஆனால் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். நம் இன்டர்ஃபேஸ் பெட்டியில் '48' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966-ல் நார்வே நாட்டு வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி செய்து கொடுத்த ஏற்பாடு. அங்கே ஸ்டூடியோக்களில் அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்ததாம். அதையே மைக்குக்கும் கொடுத்துவிட்டார்கள். ஓர் அவசர விளக்கின் வோல்ட் கணக்கு உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. எங்கள் தொழிலில் இப்படி நிறைய உண்டு. ஒருத்தன் கையில் கிடைத்ததைப் போட்டுச் சமாளித்தது, பின்னால் வருகிறவனுக்குச் சாஸ்திரமாகிவிடும்.

காந்த நாடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். 1935-ல் பெர்லின் கண்காட்சியில் ஏ.இ.ஜி. கம்பெனி காட்டிய நாடா இயந்திரம், போர் முடிந்த பிறகு அமெரிக்காவுக்குப் போய் 1948-ல் ஆம்பெக்ஸ் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. நாடாவால் வெட்டலாம், ஒட்டலாம், அழித்துத் திரும்பப் பதியலாம். ஆனால் விலை யானை விலை.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்ததோடு நம் வீட்டுக் கதை தொடங்குகிறது. பெரிய ஸ்டூடியோவில் நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டில் அஞ்சு சென்டிமீட்டர்கூட ஓடாது. அகலமும் ஒரு சென்டிமீட்டரில் பாதிகூட இல்லை. அதனால்தான் அந்த 'உஸ்' சத்தம். இருந்தாலும் வளைகுடாவுக்குப் போனவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு வந்த டூ-இன்-ஒன், இசையைக் கம்பெனிகளின் கையிலிருந்து பிடுங்கிக் குடும்பத்தின் கையில் கொடுத்தது. பீட்டர் மானுவல் என்ற அறிஞர் வட இந்தியாவின் இந்தக் கேசட் காலத்தைப் பற்றியே 1993-ல் ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார்.

என் வீட்டுக்கும் ஒரு டூ-இன்-ஒன் வந்தது. 1988-ல் வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது அதைத் தூக்கிக்கொண்டு போனேன். என் அத்தைக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். எங்கள் நயினார் வீடுகளில் பெண்கள் பாடுகிற ஊஞ்சல் பாட்டு, நேமிநாதர் பேரில் தாலாட்டு, நோன்பு முடிக்கிற அன்று பாடுகிற பாட்டு எல்லாம் அத்தைக்கு மனப்பாடம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை. திண்ணையில் உட்காரவைத்து ஒரு கேசட்டில் பதினோரு பாட்டுப் பிடித்தேன். அதில் ஏழு பாட்டை வேறு யார் வாயிலும் நான் கேட்டதே இல்லை. 1991-ல் அத்தை காலமானார்.

அந்தப் பதிவில் என்ன கோளாறு என்று எனக்கு அப்போது தெரியாது. பெட்டிக்குள்ளேயே பதித்த மைக், பக்கத்தில் சுழலும் மோட்டாரின் ஓசையையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. அத்தை மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கருவி தானாகவே ஒலியைக் கூட்டிவிடும். அப்போது இரைச்சல் வெள்ளம்போல மேலே வரும். பாட்டு ஆரம்பித்ததும் அமுங்கும். தானியங்கி வசதி என்று பெருமையாக அட்டையில் போட்டிருந்தார்கள்! மீதி வேலையைக் கல்கத்தா மழைக்காலம் பார்த்துக்கொண்டது. பீரோவில் இருந்த கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை பிடித்தது.

2009-ல் அதை ஒரு கடையில் கணினிக்கு மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளால் சுரண்டிச் சுரண்டி, சின்ன எம்.பி.3 கோப்பாக்கி ஒரு சி.டி.யில் கொடுத்தார். வீட்டில் போட்டுக் கேட்டால் அத்தை தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. சொல் புரியவில்லை. ஓடிப்போய்க் கேசட்டைக் கேட்டேன். "வேலைதான் முடிஞ்சதே, பூஞ்சை பிடிச்சதை ஏன் வச்சுக்கணும்" என்று குப்பையில் போட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பத்திரமாகத் திருப்பித் தரணும் என்று நான் சொல்லவில்லை. எது மூலம், எது நகல் என்று கல்வெட்டில் பார்க்கத் தெரிந்த எனக்கு, சொந்த அத்தை குரலில் பார்க்கத் தெரியவில்லை.

இந்த எரிச்சலில்தான் நான் ஒலிப்பதிவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. நான் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்துக்கு முன்பே, 1979-ல், ஜப்பானின் டாஸ்காம் கம்பெனி போர்ட்டாஸ்டூடியோ என்ற பெட்டியை விற்றிருக்கிறது. அதே சாதாரண கேசட்தான். ஆனால் வேகத்தை இரண்டு மடங்காக்கி, நான்கு தடங்களையும் ஒரே திசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியே பதியலாம் என்று செய்தார்கள். ஒருத்தரே முதலில் கருவி வாசித்து, அதைக் கேட்டுக்கொண்டே பாடிச் சேர்க்கலாம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து இந்தப் பெட்டியிலும் இரண்டு சாதாரண ஷ்யூர் மைக்கிலும் பாட்டுகளைப் பதிந்தார். குழுவினருக்குக் காட்ட மாதிரிக்காகத்தான். பிறகு பெரிய ஸ்டூடியோவில் ஆள் வைத்துப் பாடிப் பார்த்தால் அந்த உயிர் வரவில்லை. கடைசியில் பையில் போட்டுத் திரிந்த அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற தட்டாக வெளியிட்டார்கள். ஷ்யூர் கம்பெனியின் அந்த வகை மைக் 1965-ல் வந்தது, இன்றும் விற்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபின் மைக் விலையைப் பார்த்து நான் மயங்குவதில்லை.

நம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு ஸ்டூடியோ கட்டினார். 1992-ல் 'ரோஜா' அங்கேதான் உருவானது. அறுபது பேர் வயலினோடு ஸ்டூடியோ வாசலில் காத்திருந்த காலம் அதோடு மாறத் தொடங்கிற்று. அது நல்லதா கெட்டதா என்று வயலின் வாசித்தவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

அந்த மாற்றத்தின் அடியில் இருப்பது மிடி என்ற ஏற்பாடு. 1983 ஜனவரியில் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில், ஒரு கம்பெனியின் கீபோர்டை அழுத்த, கேபிளில் இணைத்த இன்னொரு போட்டிக் கம்பெனியின் கீபோர்டு ஒலித்தது. டேவ் ஸ்மித்தும் ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் காகேஹாஷியும் முன்நின்று செய்த வேலை. போட்டி வியாபாரிகள் ஒரே அளவுகோலை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்; எங்கள் பிளக்-சாக்கெட் உலகத்தில் இன்னும் நடக்கவில்லை. மிடி கேபிளில் ஒலி போகாது. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தமாக அழுத்தினாய் என்ற குறிப்பு மட்டும் போகும். 1985-ல் வந்த அட்டாரி கணினியில் மிடி வாசல் கூடவே வந்தது. 1989-ல் ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பெர்க் கம்பெனி அதில் ஓடும் க்யூபேஸ் மென்பொருளை வெளியிட்டது. தடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைபோலக் கிடக்க, நேரம் இடமிருந்து வலமாக ஓடும் அந்தத் திரை அமைப்பைத்தான் இன்று எல்லா மென்பொருளிலும் பார்க்கிறோம். 1991-ல் புரோ டூல்ஸ் வந்தது. 1996-ல் எஃபெக்டுகளையும், பிறகு கருவிகளையும் மென்பொருளாகவே செருகும் வசதி வந்தபின் அறை நிறைய இருந்த பெட்டிகள் கணினிக்குள் அடங்கிவிட்டன.

இங்கே நம் சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. மிடி பிறந்தது கீபோர்டுக்காக. ஒரு கட்டை, ஒரு சுரம். நம் தோடியில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிறதா? அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். சக்கரத்தைத் திருப்பி வளைக்கலாம்தான், ஆனால் அதைத் திருத்தமாகச் செய்ய அசாத்தியப் பொறுமை வேண்டும். இதைவிட ஆபத்து 1997-ல் வந்த ஆட்டோட்யூன். பூமிக்கடியில் எண்ணெய் தேட ஒலியலைகளை அலசிக்கொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற விஞ்ஞானி, அந்தக் கணக்கையே குரலின் சுருதியைத் திருத்தப் பயன்படுத்தினார். மேல்நாட்டுப் பாட்டில் அது பிசகைச் சரிசெய்யும். நம் பாட்டில் கமகத்தையே பிசகு என்று நினைத்து இஸ்திரி போட்டுவிடும். என் பேத்தி ஒரு தடவை போட்டுக் காட்டினாள். பாட்டு வாத்தியார் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

மென்பொருள் வாங்குவதில் சரித்திரம் சொல்லும் பாடம் வேறு. லாஜிக் என்ற நல்ல மென்பொருளை 2002-ல் ஆப்பிள் கம்பெனி வாங்கியது. உடனே விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிப் பல வருஷம் பழகியவர்கள் ஒன்று கணினியை மாற்றணும், இல்லை மென்பொருளை மாற்றணும். கேக்வாக் என்று 1987-லிருந்து இருந்த ஒன்றை கிப்சன் கம்பெனி வாங்கி 2017-ல் கைவிட்டது. அடுத்த வருஷம் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று எடுத்து இலவசமாகக் கொடுத்தது. முதல் நாள் காசு கொடுத்தவன் வயிறு எரிந்திருக்கும். ஆகவே எந்த மென்பொருள் சிறந்தது என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. நம் பதிவுகளை அதிலிருந்து வேவ் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று மட்டும் முதல் நாளே பாருங்கள்.

நான் தொடங்கியது ஆடாசிட்டியில். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து எழுதி 2000-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. ஒற்றைக் குரல் பதிய, வெட்ட, பழைய கேசட்டை ஏற்ற அது தாராளம். பல தடம் வைத்துப் பாட்டு அமைக்கிற பேத்திக்கு ரீப்பர். வினாம்ப் எழுதிய அதே ஜஸ்டின் ஃபிராங்கலின் கைவேலை, 2006 முதல் இருக்கிறது. அறுபது நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம், விலையும் மற்றதைவிடக் குறைவு. ஆப்பிள் கணினி உள்ள வீட்டில் 2004-லிருந்து கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. அதை விட்டுவிட்டுத் திருட்டு நகல் தேடிப்போய் வைரஸ் வாங்கி வருகிறவர்களும் நம்மிடையே உண்டு. பெயர் சொல்லமாட்டேன்.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி அடம் பிடித்ததால், முதலில் நாங்களும் எல்லோரையும்போல விலை உயர்ந்த கன்டென்சர் மைக் ஒன்று வாங்கினோம். ஆசையாகப் பதிந்தால் குரலோடு மின்விசிறி, பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் மீன்காரர் கூவல் எல்லாம் வந்தது. "தாத்தா, மைக் சரியில்ல, மாத்தணும்" என்றாள். மைக் மிகச் சரியாகத்தான் இருந்தது. சரியில்லாதது அறை.

அறை ஒலியைப் பற்றிய அறிவியல் 1895-ல் ஹார்வர்டில் தொடங்கியது. புதுக் கட்டிட விரிவுரை மண்டபத்தில் பேசினால் எதிரொலித்து ஒன்றும் புரியவில்லை. இளம் ஆசிரியர் வாலஸ் சபைன் ராத்திரி ஊர் அடங்கின பிறகு, பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போடுவார், ஆர்கன் குழாயை ஊதுவார், ஒலி அடங்க எத்தனை வினாடி என்று கடிகாரம் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மெத்தை கூடக் கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. இதிலிருந்துதான் முழு சாத்திரமும் பிறந்தது. எனவே சுவரில் முட்டைத் தட்டு ஒட்டாதீர்கள், அதில் கனம் இல்லை, பயனும் இல்லை. கல்கத்தாவில் ஒவ்வொரு வீட்டிலும் கோடையில் கட்டிலுக்கடியில் தூங்கும் பஞ்சு லேப் இருக்கிறதே, அதை இரண்டு கொடியில் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலும் பக்கத்திலும் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்தால் அதுவும் வேலை செய்யும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவைச் சொல்கிறார் இளங்கோவடிகள். இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேலே உத்தரப் பலகைக்கு நான்கு கோல். நீளமும் அகலமும் சமமாக இல்லாததைக் கவனியுங்கள். சதுர அறையில் சில சுரங்கள் மட்டும் பூதாகாரமாக வீங்கும் என்பது இன்றைய ஒலியியல். ஆனால் இதை வைத்து அன்றே எல்லாம் கண்டோம் என்று நான் சொல்லவரவில்லை. அது திறந்த அரங்கு, நம்முடையது மூடிய அறை. எட்டுக்கு நான்கு என்ற இரட்டை விகிதம் மூடிய அறைக்கு ஆகவும் ஆகாது.

அறை கொஞ்சம் அடங்கிய பிறகும் தெருச் சத்தம் இருந்தால், கன்டென்சரைவிட ஒரு டைனமிக் மைக்கே நல்லது. அது பக்கத்தில் இருப்பதை மட்டும் பிடிக்கும். ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, நடுவில் வளையத்தில் ஒரு மெல்லிய துணி கட்டினால் 'ப' என்ற எழுத்து வெடிக்காது. வீணைக்கும் தம்புராவுக்கும் கன்டென்சர் வேண்டும், மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் சூரியன் சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு அடுப்படிச் சத்தமே இருக்காது. அதுவே எங்கள் பதிவு நேரம். மற்றவர்கள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பாருங்கள்.

மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு ஒரு தகவல். நம்மைப்போலவே பிழைக்க வந்த ஒரு தமிழர் 1907-ல் இங்கே உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். பகலில் சர்க்கார் கணக்கு. காலையும் மாலையும் 210, பௌபஜார் தெரு ஆய்வுக்கூடம். சி.வி. ராமன்தான். பொதுவாகத் தோல்கருவியின் உபசுரங்கள் ஒழுங்கற்றவை. மிருதங்கம், தபலாவில் மட்டும் நடுவே பூசிய கருஞ்சாந்தின் கனத்தால் அவை சுருதியோடு ஒத்துப் பிறக்கின்றன என்று 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆகவே மிருதங்கத்தை வெறும் தாள ஓசையாக நினைத்து ஏதோ ஒரு மைக்கைத் தூர வைக்காதீர்கள். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, இரண்டும் ஒரு முழத்துக்குள்.

மைக்கிலிருந்து கணினிக்கு வழி இன்டர்ஃபேஸ். 1996-ல் யு.எஸ்.பி. வந்திராவிட்டால் இது இத்தனை மலிந்திருக்காது. 1985-ல் ரூபர்ட் நீவ் தொடங்கிய ஃபோகஸ்ரைட் கம்பெனி 2011-ல் விட்ட சிவப்புப் பெட்டியை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். மற்ற கம்பெனிகளிலும் நல்லவை உண்டு. ஒரு குரல், ஒரு வாத்தியம் என்றால் இரண்டு வாசல் போதும். பாடும்போது காதில் தாமதமாகக் கேட்கிறது என்று புகார் வரும். மென்பொருளில் பஃபர் என்ற எண் 1024 என்றிருந்தால் ஒரு திசைக்கே 23 மில்லி வினாடி தாமதம், 256 என்றால் ஆறுக்கும் குறைவு. அது இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் குரல் வந்து சேரும் நேரம்தான். பதியும்போது குறைத்துவையுங்கள், கலக்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள்.

இரைச்சல்தான் என் தொழில். மைக்கின் மூன்று முனைக் கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பியில் நேரும் தலைகீழுமாகப் போகிறது. வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப்போகும், ஒலி நிற்கும். இதை விட்டுச் சாதா ஒயரை இழுத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். அது நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் இல்லாத சாக்கெட் நிறைய. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துச் செருகும் வீரர்களும் உண்டு. பாட்டுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக எர்த் போடுங்கள். அதுவரை மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள், பாதிச் சத்தம் போய்விடும்.

ஸ்பீக்கருக்கு ஆரம்பத்திலேயே செலவு செய்யாதீர்கள். யமஹாவின் என்.எஸ். 10 என்ற ஸ்பீக்கர் 1978-ல் வீட்டுக்காக வந்தது. வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. குறையைக் கூசாமல் காட்டிக்கொடுக்கிறது என்று ஸ்டூடியோக்காரர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2001-ல் உற்பத்தி நிற்கும்வரை அது உலக ஸ்டூடியோக்களில் இருந்தது. நமக்கு இனிமையாகக் கேட்பது வேண்டாம், உள்ளது உள்ளபடி கேட்கணும். அதற்கு மூடிய ஹெட்போன் ஒன்று போதும். 1991-ல் வந்த சோனியின் 7506 இன்றும் பலர் காதில் இருக்கிறது. நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மைக்குக்கு முப்பது, பெட்டிக்கு முப்பது, ஹெட்போனுக்கு இருபது, ஸ்டாண்டு, கேபிள், எர்த்துக்கு இருபது என்பது என் கணக்கு. மென்பொருளுக்கு முதல் வருஷம் பூஜ்யம்.

பதிந்ததைச் சேமிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒற்றைக் குரல் நிமிஷத்துக்கு ஒன்பது எம்.பி.கூட ஆகாது. எம்.பி.3 என்பது அனுப்புவதற்கு, வைத்துக்கொள்வதற்கு அல்ல. சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான், மூலத்தில் கை வைக்கக் கூடாது. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். என்னுடையது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறது.

2023 தை மாதம் இந்தச் சின்னப் பெட்டி, ஒரு மைக், மடிக்கணினி இவற்றோடு ஊருக்குப் போனேன். அத்தை மகளை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். எழுபத்தொன்பது வயது. அவர் குரலில் அத்தையின் குரல் பாதி இருக்கிறது. உள்ளறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து, விசிறியை நிறுத்தினேன். "ஏம்பா, காத்தையும் நிறுத்திட்டுப் பாடச் சொல்றியே, நான் என்ன ரேடியோவா?" என்றார். பிறகு பாடினார். தொலைந்த ஏழு பாட்டில் நான்கு கிடைத்தது. ஊஞ்சல் பாட்டு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் யோசித்தார், வரவில்லை. மூன்றாவது தடத்தில் கொல்லைக் கன்றுக்குட்டியின் மணி கேட்கிறது. பேத்தி அதை நீக்கிக் காட்டவா என்றாள். நகலில் நீக்கிக்கொள், மூலத்தில் இருக்கட்டும் என்றேன்.

அந்த ஊஞ்சல் பாட்டின் பின்பாதியும் மிச்சம் மூன்று பாட்டும் இந்த ஊரிலோ டெல்லி, பம்பாயிலோ வந்து தங்கிய நம் குடும்பத்துப் பாட்டிமார் யாருக்காவது நினைவிருக்கக்கூடும். இருந்தால் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே வந்துவிடுகிறேன். விசிறியை மட்டும் அரைமணி நேரம் நிறுத்த வேண்டியிருக்கும்.